எம்.பி.யின் டாக்ஸி ரசீது உங்கள் மேசைக்கு வரும்போது

திங்கட்கிழமை காலை. போன வாரம் முழுக்கக் கான்பெராவிலும் மெல்பர்னிலும் இருந்துவிட்டு வந்த எம்.பி., கோட்டுப் பையிலிருந்து ஒரு கற்றை சீட்டை எடுத்து உங்கள் மேசையில் வைக்கிறார். "இதையெல்லாம் போட்டுடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறார். ஒரு போர்டிங் பாஸ், ஒரு ஹோட்டல் பில், எழுத்து பாதி அழிந்துபோன டாக்ஸி ரசீது ஒன்று, ஒரு காபிக் கடை பில்.

ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி அலுவலகங்களில் இப்போது நம்மவர்கள் சிலர் வேலைக்குச் சேர்கிறார்கள். சேர்ந்த முதல் மாதமே இந்தக் கற்றை கைக்கு வந்துவிடும். விதிப் புத்தகம் தடிமனானது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்விகள் கொஞ்சம்தான். எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அதனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டுப் பயணம் வேறு கதை. இது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது வரலாற்றுப் பாடம் அல்ல. விதியில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பயணம் இருக்கிறது. அது தெரிந்தால் விதி மனதில் நிற்கும்.

பழைய முறையில் பயணம் எம்.பி.யின் 'உரிமை'. தவறாக எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்டலாம், பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. 1998-இல் வந்த இந்த நடைமுறைக்கு, அப்போது பொறுப்பிலிருந்த அமைச்சர் பெயரால் 'மின்சின் நெறிமுறை' என்று பெயர். 2014 நவம்பரில் அன்றைய அவைத்தலைவர் பிரான்வின் பிஷப், மெல்பர்னிலிருந்து ஜீலாங் பக்கம் நடந்த கட்சி நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்கு வாடகை ஹெலிகாப்டரில் போனார். காரில் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும் தூரம். பில் 5,227 டாலர். 2015 ஜூலையில் செய்தி வெளியே வந்தது. அபராதத்தோடு பணத்தைத் திருப்பிக் கட்டினார், ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பதவி விலகினார். உடனே ஒரு சீராய்வுக் குழு அமைத்தார்கள். அது அறிக்கை கொடுத்தும் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. 2017 ஜனவரியில் சுகாதார அமைச்சர் சூசன் லேயின் கோல்ட் கோஸ்ட் பயணம் வெடித்தது. அரசுச் செலவில் போன ஒரு பயணத்தின்போது அவர் அங்கே 7,95,000 டாலருக்கு அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருந்தார். வீடு வாங்குவது திட்டமிட்டதல்ல என்றார். ஜனவரி 13 அன்று ராஜினாமா. அன்றைக்கே பிரதமர் டர்ன்புல் தனி ஆணையம் ஒன்றை அறிவித்தார்.

அதுதான் சுதந்திர நாடாளுமன்றச் செலவுகள் ஆணையம். அலுவலகத்தில் எல்லாரும் ஐபியா என்றுதான் சொல்வார்கள். 2017 ஜூலை 1 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. நாம் தினம் புரட்டும் நாடாளுமன்றப் பணி வளங்கள் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரிலேயே மாற்றத்தைப் பாருங்கள்: 'உரிமை' போய் 'பணி வளம்' வந்துவிட்டது. எம்.பி.க்குச் சேர வேண்டியது என்று எதுவும் இல்லை, வேலைக்குத் தேவையானது மட்டுமே இருக்கிறது.

டிக்கெட் போடுவதற்கு முன்: எதற்காகப் போகிறார்?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கணக்கு.

சட்டம் நான்கு வகை வேலையை ஏற்கிறது. அவை, குழு, மசோதா சம்பந்தப்பட்ட நாடாளுமன்றப் பணி. தொகுதி மக்களுக்கான பணி. கட்சிக் கூட்டம், மாநாடு போன்ற கட்சிப் பணி. அமைச்சர், அவைத்தலைவர் போன்ற பொறுப்பில் இருப்பவர்களின் அலுவல் பணி. இந்த நான்கில் ஒன்றுக்குள் வந்தால் மட்டும் போதாது. அந்த வேலைதான் பயணத்தின் தலையாய நோக்கமாக இருக்க வேண்டும். சொந்த வியாபாரம், சொந்த லாபம் எதற்கும் இடமில்லை.

தலையாய நோக்கம் என்றால் என்ன என்று வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கேள்வி போதும்: அந்த வேலை இல்லாவிட்டாலும் அவர் இந்த ஊருக்குப் போயிருப்பாரா?

ஒரு கற்பனை உதாரணம். எம்.பி.யின் நண்பர் மகள் கல்யாணம் சனிக்கிழமை அடிலெய்டில். வெள்ளிக்கிழமை அதே ஊரில் நாடாளுமன்றக் குழு விசாரணை. தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே குறித்தது, அவர் அந்தக் குழுவில் உறுப்பினர். விசாரணைக்குப் போகிறார், தங்கிக் கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வருகிறார். பயணம் வேலைக்கானதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு கல்யாணத்துக்காகத் தங்கும் இரவு அவருடைய சொந்தச் செலவு.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் விமான டிக்கெட் போட்டாயிற்று. மே மாதம் யாரோ "அந்தப் பக்கம் போறீங்களே, யாரையாவது பார்த்துட்டா என்ன?" என்று சொல்ல, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு காபி சந்திப்பு ஒட்டப்படுகிறது. காகிதத்தில் இரண்டு பயணமும் ஒரே மாதிரி இருக்கும். மின்னஞ்சல் தேதிகளை வரிசையாக வைத்தால் குட்டு உடைந்துவிடும். பத்திரிகை வந்த தேதி, டிக்கெட் போட்ட தேதி, சந்திப்பு குறித்த தேதி. இரண்டாவது வகையை ஒருபோதும் அரசுக் கணக்கில் போடாதீர்கள். கல்யாணங்களுக்குப் போய்வந்த செலவைப் பின்னால் திருப்பிக் கட்டியவர்கள் பட்டியலில் முன்னாள் பிரதமர் டோனி அபட்டே இருக்கிறார்.

இதில் நமக்கென்று ஒரு சங்கடம் உண்டு. சார், மேடம் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே எம்.பி.யைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே நாக்கு ஒரு மாதம் தயங்கும். அவரிடம் போய் "இது வேலையா, சொந்த விஷயமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். கேளுங்கள். கேட்காமல் போட்ட கணக்குக்கும் சட்டப்படி அவர்தான் பொறுப்பு, நீங்கள் அல்ல. நல்ல எம்.பி. கேட்டதற்கு நன்றிதான் சொல்வார்.

முன்னாள் எம்.பி. பீட்டர் ஸ்லிப்பர் வழக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் கான்பெராவைச் சுற்றியுள்ள ஒயின் தோட்டங்களுக்கு அரசு டாக்ஸிச் சீட்டில் போய்வந்தார், ஆயிரம் டாலருக்கும் குறைவான தொகை. 2014-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. அடுத்த வருஷமே மேல்முறையீட்டில் அது ரத்தானது: அந்தப் பயணங்கள் நாடாளுமன்றப் பணி அல்ல என்பதை அரசுத் தரப்பால் சந்தேகமின்றி நிரூபிக்க முடியவில்லை. அப்போது பணி என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் தெளிவான வரையறையே கிடையாது. இன்று அப்படி இல்லை. கேட்டால் பகிரங்கமாக நியாயம் சொல்ல எம்.பி. தயாராக இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் எழுதியே வைத்திருக்கிறது.

எப்படிப் போகிறார்?

பணத்துக்கேற்ற பயன் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது சோதனை. உள்நாட்டு விமானத்தில் எம்.பி.க்கு பிசினஸ் வகுப்பு வரை அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காக அதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. சிட்னி–கான்பெரா பயணம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பெர்த்திலிருந்து வருபவருக்கு நாலு மணி நேரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வாடகை விமானம் என்றதும் ஹெலிகாப்டர் கதையை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் டுராக் தொகுதி 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு, ஒரே எம்.பி. அங்கே சிறு விமானம் இல்லாமல் தொகுதியைச் சுற்ற முடியாது. சிட்னி உள்நகரின் கிரேண்ட்லர் தொகுதியோ முப்பது சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், சைக்கிளிலேயே சுற்றிவரலாம். எந்தத் தொகுதி, எவ்வளவு தூரம், வேறு வழி இருந்ததா என்று சேர்த்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான வாகனம் என்றால், மற்ற வழிகளுக்கு என்ன விலை, எவ்வளவு நேரம் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். பின்னால் தேடினால் அந்த நாளின் கட்டணம் கிடைக்காது.

நகரங்களில் ஓட்டுநரோடு வரும் அரசுக் கார் சேவை காம்கார். டாக்ஸி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். கூட்டம் முடியும்வரை வாசலில் வண்டியை நிறுத்திவைப்பதுதான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கே தங்குகிறார்?

பயணப்படி இரவுக் கணக்கில் வருகிறது. எம்.பி. முதலில் தன் 'வீட்டு ஊர்' எது என்று பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு வெளியே, வேலைக்காகத் தங்கும் இரவுகளுக்குத்தான் படி. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை ஊதியத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கிறது. தொகை அவ்வப்போது மாறும், எனவே பழைய தாளை நம்பாமல் நடப்பு நிர்ணயத்தைப் பாருங்கள். படியில் தங்குமிடம், சாப்பாடு, சில்லறைச் செலவு எல்லாம் அடக்கம். ஆகவே அந்தக் கற்றையில் இருந்த காபி பில்லை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே படிக்குள் இருக்கிறது.

ஹோட்டலில் தங்கினால் முழு விகிதம். நண்பர் வீட்டில், உறவினர் வீட்டில் தங்கினால் மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஹோட்டல் பில் பணம் வாங்குவதற்காக இல்லாவிட்டாலும் ஆதாரத்துக்காகக் கோப்பில் இருக்க வேண்டும்.

கான்பெரா மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒரே விகிதம்தான். எங்கே தங்கினாலும் அதுவே, சொந்த வீட்டில் தங்கினாலும் அதுவே. பல எம்.பி.க்கள் கான்பெராவில் வீடு வாங்கிவைத்திருக்கிறார்கள், அவை கூடும் வாரங்களில் அங்கே தங்கிப் படியும் வாங்குகிறார்கள். விதிப்படி சரி. எனக்கு இது உறுத்தாமல் இல்லை. வீட்டுக் கடனை வரிப்பணம் அடைப்பதுபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் உங்கள் மேசையில் அதைத் தீர்க்க முடியாது. விதிப்படி எழுதுங்கள்.

டைரி

இதற்குத்தான் நான் அதிகம் அடிபட்டேன். எந்த எம்.பி., எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

என் முதல் வருஷத்தில் பிரிஸ்பேன் பயணம் ஒன்று. ஒரு இரவு. டைரியில் மதியம் இரண்டு மணிக்கு ஒரே சொல்: 'சந்திப்பு'. கணக்கைப் போட்டேன், பணமும் வந்தது. ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து அந்தப் பயணத்தைப் பற்றி எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: யாரைச் சந்தித்தார், எதைப் பற்றி? டைரியைத் திறந்தேன். சந்திப்பு. எம்.பி.யிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஒரு கடற்கரைக் குழுவா? இல்ல, சிறுதொழில்காரங்களா?" பழைய மின்னஞ்சல்களை இரண்டு நாள் துழாவினோம். கடைசியில் சந்தித்தவருக்கு எம்.பி. எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று வேறொரு கோப்பில் கிடைத்தது. பயணம் முழுக்க முழுக்க வேலைக்கானது. அதைக் காட்ட எங்களிடம் இருந்தது தற்செயலாகத் தப்பிய ஒரு தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன். யார் அழைத்தார்கள், எப்போது அழைத்தார்கள், அழைப்புக் கடிதத்தின் நகல். யாரைச் சந்தித்தார், எத்தனை மணிக்கு, என்ன விஷயம். சந்திப்பு ரத்தானால், எப்போது ரத்தானது, அதற்குள் விமானம் ஏறியாயிற்றா என்பதும். ரத்தான சந்திப்புக்குப் போன பயணம் தவறல்ல. போகும்போது நோக்கம் என்னவாக இருந்தது என்பதே கேள்வி. ஆனால் ரத்தானது தெரிந்த பிறகு கிளம்பியிருந்தால் விஷயம் வேறு. எல்லாவற்றையும் பயணம் முடிந்த மறுநாளே எழுதிவிடுங்கள். உங்கள் எம்.பி.யை அறியாத, அவர் கட்சியைப் பிடிக்காத ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

குடும்பம் கூட வந்தால்

எம்.பி.யின் துணைவருக்கும் சிறு வயதுப் பிள்ளைகளுக்கும் குடும்ப ஒன்றுசேர்தல் என்ற பெயரில் பயண வசதி உண்டு. வருஷத்தில் பல வாரங்கள் வீட்டில் இருக்க முடியாத வேலை இது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. எம்.பி. வேலைக்காக அந்த ஊரில் இருக்க வேண்டும், குடும்பம் அவரோடு சேர்வதற்காக வர வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கோ, பனிச்சறுக்குக்கோ குடும்பம் வந்து, அதற்கேற்ப எம்.பி.யின் வேலை அங்கே முளைத்தால் அடிலெய்டு கல்யாணக் கதைதான்.

விதிக்குள் இருப்பதும் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு டோனி பர்க் நல்ல உதாரணம். 2012-இல் அமைச்சராக, நாட்டின் நடுவே உள்ள சுற்றுலாத் தலமான உலுருவுக்குப் போனபோது குடும்பத்தையும் பிசினஸ் வகுப்பில் அழைத்துச் சென்றார். விதி அன்று அதை அனுமதித்தது. மக்கள் எதிர்பார்ப்புக்கு இது ஒத்துவராது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். 2020-இல் 8,656 டாலரைத் திருப்பிக் கட்டினார். 2025 டிசம்பரில் அமைச்சர் அனிகா வெல்ஸின் குடும்பப் பயணங்கள் பேசுபொருளானபோது, தன் செலவுகளைத் தணிக்கை செய்யும்படி அவரே ஐபியாவிடம் கேட்டுக்கொண்டார். பயணக் கணக்கில் அதிகம் சூடாகும் பகுதி இதுதான். ஒவ்வொரு முறையும் விதியைப் புதிதாகப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள், நினைவிலிருந்து போடாதீர்கள்.

தேர்தல் காலம்

இந்த நாட்டில் பிரதான கட்சிகளின் 'பிரசாரத் தொடக்க விழா' பல தேர்தல்களில் பிரசாரம் முடியப்போகும்போதுதான் நடந்திருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு இது புரியாது. 2022-இல் லிபரல் கட்சி மே 15 அன்று தொடங்கியது; வாக்குப்பதிவு மே 21. 2019-இலும் அப்படித்தான், மே 12-இல் விழா, 18-இல் தேர்தல். காரணம் எளிது. பிரதமரின் தொடக்க விழா நாளிலிருந்து வாக்குப்பதிவுக்கு மறுநாள் வரை அமைச்சர்கள் பயணப்படி கேட்பதில்லை என்பது மரபு. விழா தள்ளிப்போனால் கட்சியின் பணப்பை அந்த அளவுக்குத் தப்பிக்கும். நீங்கள் அமைச்சர் அலுவலகத்தில் இருந்தால் அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

கணக்கைச் சமர்ப்பித்தலும் அதற்குப் பிறகும்

பெம்ஸ் என்ற இணைய அமைப்பில்தான் கணக்கு ஏறுகிறது. நீங்கள் நிரப்பலாம், பொறுப்பு எம்.பி.யுடையது. ஆகவே "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுக் கைபேசியை நீட்டி ஓகே வாங்காதீர்கள். பயணம் பயணமாக அவரைப் படிக்க வையுங்கள், ஐந்து நிமிஷம்தான் ஆகும். குவித்துவைக்கவும் கூடாது. மூன்று மாதக் கற்றையை ஒரே மதியத்தில் போட்டால் தேதி நிச்சயம் இடறும். வீட்டில் தூங்கிய இரவுக்குப் படி கேட்டிருப்பீர்கள்.

சந்தேகம் வந்தால் ஐபியாவிடம் கேளுங்கள், முடிந்தவரை எழுத்தில். தொலைபேசியில் பேசினால் உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பி "நாம் பேசியது இது" என்று பதிவு செய்துவிடுங்கள். அவர்கள் ஆலோசனை சொல்வார்கள், போகலாமா வேண்டாமா என்ற முடிவு எம்.பி.யுடையதாகவே இருக்கும். அதே அமைப்புதான் தணிக்கையும் செய்கிறது, விதி மீறப்பட்டதா என்று தீர்ப்புரையும் வழங்க முடியும். மீறல் என்றால் தொகையோடு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். தவறு உங்கள் கண்ணில் முதலில் பட்டால் அன்றே சொல்லித் திருத்துங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சிறு தவறுதான் செய்தித்தாளில் பெரிதாகிறது.

ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொரு எம்.பி.யின் செலவும் ஐபியா தளத்தில் வெளியாகும். ஊர், தேதி, தொகை எல்லாம் இருக்கும். வெளியான அன்று மாலைக்குள் உள்ளூர் நிருபர் யாராவது கூப்பிடுவார். அப்போது உங்கள் ஒரு பக்கக் குறிப்பு கையில் இருந்தால் இரண்டு நிமிஷ உரையாடல். ஊழியர்களாகிய உங்கள் பயணமும் ஐபியா வழியாகத்தான், எம்.பி. அனுப்பினால் மட்டுமே போக முடியும், அதற்கும் இதே மாதிரி ஒரு பக்கம் எழுதிவையுங்கள்.

சரி, மேசையில் மிச்சம் இருப்பது அந்த அழிந்த டாக்ஸி ரசீது. மெல்பர்ன், வியாழன், இரவு ஒன்பதே முக்கால். விமான நிலையம் என்று எழுதியிருக்கிறதா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஊகித்து எழுதாதீர்கள். கூட்டம் முடிந்து எம்.பி. வரும்வரை அதைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். வந்ததும் எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள். பதில் சொன்னால் ரசீதின் பின்னால் பேனாவால் எழுதி, ஒரு படம் எடுத்துவிட்டு, கணக்கில் ஏற்றுங்கள். நினைவில்லை என்றால் அதைக் காபி பில்லோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.